பச்சை தெரிந்தால் பறக்கலாம்

ஒரு காட்டில், பறப்பதற்கு அனுமதி வாங்க வேண்டும் என்று தெரியாமலேயே பறவைகள் வெகுகாலம் பறந்துகொண்டிருந்தன. பசித்தால் பறந்தன, பயந்தால் பறந்தன, சும்மா உட்காரப் பிடிக்காவிட்டாலும் பறந்தன. அது ஆபத்து என்று யாரும் அவற்றுக்குச் சொல்லவில்லை. இன்றைக்கு அதை நினைத்தாலும் எனக்குக் குலை நடுங்குகிறது.

அந்தக் காட்டில் ஓர் ஏரி. ஏரிக்கரையில் ஒற்றைப் பனை. பனையின் நிழலில் சிங்கராஜா மத்தியானத் தூக்கம் போடுவது வழக்கம். ஒருநாள் ஒரு கொக்கு பறந்து வந்து பனையில் மோதி, அவர் வயிற்றின்மேல் விழுந்தது. ராஜாவின் வயிற்றுக்குப் போகிற எதுவும் செத்த பிறகுதான் போகும். உயிரோடு வந்து விழுந்தது அதுவே முதல்முறை. அவர் பதறியடித்து ஓடியதை நாலைந்து முயல்கள் பார்த்துவிட்டன. ராஜா ஓடியதை முயல் பார்த்துவிட்டால் அப்புறம் சட்டம் போடாமல் இருக்க முடியாது.

"படித்துத் தேறாத எந்தப் பறவையும் இனித் தனியாகப் பறக்கக் கூடாது" என்று ராஜா அறிவித்தார். ஏற்கெனவே பறந்துகொண்டிருந்தவர்களுக்கு விலக்கு. இனிப் பிறக்கும் குஞ்சுகளுக்குத்தான் சட்டம். அதை நடத்த ஒரு குழு போட்டார். குழுவில் பறவைகளைச் சேர்க்கவில்லை. பறக்கிறவர்களைக் கேட்டால் பறப்பதற்குச் சாதகமாகத்தானே பேசுவார்கள்?

தலைவர் பதவி ஆமையாருக்குப் போனது. தகுதி பார்த்துத்தான் கொடுத்தார்கள். இளமையில் ஒரு பருந்து அவரைத் தூக்கிக்கொண்டு போய், ஓடு உடையட்டும் என்று உயரத்திலிருந்து பாறையைப் பார்த்துப் போட்டது. குறி தப்பி அவர் சேற்றில் விழுந்தார். அந்த வகையில் காட்டிலேயே வான்விபத்து அனுபவம் உள்ள தரைப்பிராணி அவர் ஒருவர்தான். "மேலே இருந்து பாக்கும்போது எப்படி இருந்துச்சு?" என்று யாராவது கேட்டால், "கண்ணை மூடிக்கிட்டு இருந்தேன்" என்பார். பொய் சொல்லத் தெரியாதவர். விதி என்றால் விதி என்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாதவர் என்றும் சொல்லலாம்.

பொதுமக்கள் சார்பில் நரியார் வந்தார். மேலே இருந்து விழுவதெல்லாம் தரையில் இருப்பவன் தலையில்தானே விழுகிறது என்று கேட்டார். மறுக்க முடியாத கேள்வி. குழுவில் சேர்ந்த நாளிலிருந்து அவர் நடை உடையெல்லாம் மாறிவிட்டது. கண்ட இடத்தில் கடித்துக் குதறுவதை விட்டார். சாப்பாடு என்றால் வாழை இலைதான். நுனி இடப்பக்கம் வரப் போட வேண்டும், தண்ணீர் தெளிக்க வேண்டும், அப்புறம்தான் மற்றது. ஒருமுறை காட்டு முயல் ஒன்று, இவர் இலையைத் துடைத்து முடிக்கும்வரை காத்திருக்க முடியாமல் ஓடியே போய்விட்டது. நரியார் வருத்தப்படவில்லை. "முறை தவறித் தின்கிறதைவிடப் பட்டினி கிடக்கலாம்" என்றார். பவிசு வந்தால் இப்படித்தான்.

பறவைகளின் பாதுகாப்பில் நரியாருக்கு இருந்த அக்கறை வேறு யாருக்கும் இல்லை. குஞ்சுகள் அவசரப்பட்டுப் பறந்து அடிபடக் கூடாது என்று பேசும்போது அவருக்கு நாக்கு ஈரமாகிவிடும். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம் என்று சில பறவைகள் முணுமுணுத்தன. ஆனால் ஓநாய் அழுதது சட்டமாகவில்லை. நரியார் சொன்னது சட்டமாயிற்று.

அவர் கொண்டுவந்த சட்டங்களில் இரண்டை மட்டும் சொல்கிறேன். ஒன்று, ஏரி வற்றும் நாளின் உச்சிவேளைக்குள் தனியாகப் பறந்து காட்டாத குஞ்சு, பறவை அல்ல. அது தரைவாழ் பிராணியாகக் கருதப்படும். தரைவாழ் பிராணிகளின் நலன் நரியாரின் இலாகா. மற்றொன்று, சிக்னல் கொடுப்பவரை யாரும் எந்தக் காரணத்துக்காகவும் தொடக் கூடாது. குஞ்சுகளின் தாய்மார்கள் போய்க் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கிவிடக் கூடாதே என்று இதை அவரே முன்மொழிந்தார்.

சிக்னல் கொடுப்பது பச்சோந்தி. ஏரிக்கரைப் பொட்டலின் மேற்கு ஓரத்தில் ஒரு கல்யாண முருங்கை மரம் நின்றது. பச்சோந்தி அதன் இலையில் உட்கார்ந்தால் பச்சை, பறக்கலாம். பூவில் உட்கார்ந்தால் சிவப்பு, பறக்கக் கூடாது. அரசாங்கத்துக்கு ஒரு செலவும் இல்லை. ராஜாவுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

சட்டத்தை மீறிக் குஞ்சு பறந்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். மீறினால் அதன் குடும்பம் மொத்தமும் ஏரிக்குள் நிற்கும் கருவேல மரங்களில் இனிக் கூடு கட்ட முடியாது. பெற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு குஞ்சுகளைப் படிக்க அனுப்பினார்கள்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. பல பறவைகள் கூடே கட்டவில்லை. பொரித்த குஞ்சு ஒன்றே ஒன்று. அது ஒரு கூழைக்கடா. உடம்பு ஒரு பானை அளவு, அலகுக்குக் கீழே ஒரு பை, நடந்தால் இரண்டு பக்கமும் சாயும். அதற்கு அதன் அம்மா செல்லக்கிளி என்று பெயர் வைத்திருந்தது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு.

செல்லக்கிளிக்கு றெக்கை முற்றிய நாளில் ஏரியில் பாதித் தண்ணீர் இருந்தது. அன்றே வகுப்பில் சேர்த்துவிட்டார்கள்.

"தனியாப் பறக்கும்போது பயணி கூடாது" என்று ஆமையார் ஆரம்பித்தார். "உன் பையில மீன் இருந்து, அது உயிரோட இருந்தா அது பயணி."

"செத்துப் போயிருந்தா, ஐயா?"

"அப்ப அது சரக்கு. சரக்கு தனி விதி."

"முழுங்கிட்டேன்னா?"

ஆமையார் கொஞ்சநேரம் தலையை உள்ளே இழுத்து யோசித்துவிட்டு வெளியே நீட்டினார். "முழுங்கிட்டா எரிபொருள். அதுக்குத் தடை இல்லை."

அப்புறம் எதிரெதிரே இரண்டு பேர் பறந்து வந்தால் இருவரும் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும் என்றார். இறங்குகிறவருக்கு மற்றவர் வழிவிட வேண்டும். மேகத்துக்குள் நுழையக் கூடாது, தரை கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். எழும்புவதற்கு முன்னால் வலது றெக்கை, இடது றெக்கை, வால், பை எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும். செல்லக்கிளி கவனமாகக் கேட்டது. எல்லாம் நல்ல விதிகள்தான், அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

"எதுத்தாப்புல கழுகு வந்தா, ஐயா?"

"அப்பவும் வலப்பக்கம்தான்."

"கழுகும் இதைப் படிச்சிருக்கா?"

"அது பழைய ஆளு. அதுக்கு விலக்கு."

வகுப்பின் கடைசியில் ஆமையார் ஒரு காட்சிப்பொருளைக் காட்டுவார். வேறு யாருமில்லை, பனையில் மோதிய அந்தக் கொக்குதான். கழுத்து கோணிப்போய், ஒரு றெக்கை தொங்க, ஒரு கல்லின்மேல் அது நிற்கும். ஆமையார் குச்சியால் அதன் கழுத்தைத் தொட்டு, "இதை நல்லாப் பாத்துக்க. ராஜா தூங்குற நேரத்துல பறந்தா இப்படித்தான்" என்பார். விபத்துக்குக் காரணம் ராஜா தூங்கியது என்று விசாரணையில் முடிவாகியிருந்தது. கொக்கை யாரும் விசாரிக்கவில்லை.

கொக்குக்கு அது தாங்கவில்லை. ஒவ்வொரு நாளும் அது தனக்குத்தானே முணுமுணுக்கும்.

"எதுத்தாப்புல நாய் நின்னுச்சி. அதுக்குப் பயந்து, மேல்காத்தை முதுகுல வாங்கிட்டு எழும்புனேன். எந்த மடக் கொக்காவது அப்படிச் செய்யுமா? காத்து வார பக்கந்தான் ஓடியிருக்கணும், நாய் நின்னா என்ன, பேய் நின்னா என்ன."

"காட்சிப்பொருள் பேசக் கூடாது" என்பார் ஆமையார்.

"எழும்புன கொஞ்ச நேரத்துல மூச்சு முட்டுச்சி. கரைக்கே போயிருவோம்னு திரும்புனேன். நேரா எறங்கியிருந்தா சேத்துல விழுந்து குளிச்சிட்டு எந்திரிச்சிருப்பேன். திரும்புனதுலதான் றெக்கை சரிஞ்சி பனையில போய் அடிச்சேன்."

"இது தேர்வுல வராது" என்று ஆமையார் செல்லக்கிளியிடம் சொல்வார். செல்லக்கிளிக்கோ வகுப்பில் அந்த இடம் மட்டும்தான் தூக்கம் வராத இடம்.

அடுத்தது பயிற்சிப் பறப்பு. பயிற்சியாளர் கூடவே இருக்க வேண்டும் என்பது விதி. ஆமையார் செல்லக்கிளியின் முதுகில் ஏறி உட்கார்ந்தார். செல்லக்கிளி ஓடியது, றெக்கையை அடித்தது, இன்னும் ஓடியது. ஆமையை முதுகில் வைத்துக்கொண்டு எந்தக் கூழைக்கடாவும் எழும்பாது. இருந்தாலும் பயிற்சி நடந்தாக வேண்டும். ஆகவே அது ஆமையாரைச் சுமந்தபடி ஏரியைச் சுற்றி நடந்தது. வளைவு வந்தால் ஆமையார் "இப்ப இடப்பக்கம் சாஞ்சு திரும்பு" என்பார், அது சாய்ந்து நடக்கும். "இப்ப மேகம்" என்பார், அது ஒதுங்கி நடக்கும். இப்படியே பயிற்சி முடிந்தது. விபத்து ஒன்றுகூட இல்லை. குழு பாராட்டியது.

நரியார் அடிக்கடி வந்து பார்ப்பார். "பாப்பா, உடம்பு எளைச்சாப்புல இருக்கே. மாணவர் எடை குறையக் கூடாதுன்னு நானே ஒரு விதி கொண்டாந்திருக்கேன். நல்லா சாப்பிடணும் என்ன?" என்பார். வரும்போதே இரண்டு கெண்டை மீன் கொண்டுவந்து கொடுப்பார். கையில் ஒன்றும் இல்லாமல் அவர் வந்ததே இல்லை. செல்லக்கிளி தின்றது. கொடுத்த மீனைத் தின்னாமல் இருக்க அது துறவியா என்ன?

தேர்வில் செல்லக்கிளி எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னது. ஆமையார் மகிழ்ந்துபோனார். இனி மிச்சம் ஒன்றுதான். பச்சை தெரிந்ததும் பொட்டலிலிருந்து தனியாக எழும்பி, ஒரு வட்டம் போட வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் அதற்குள் ஏரி குட்டையாகிவிட்டது. வெயில் கொளுத்தியது. கல்யாண முருங்கை முதலில் பூவை உதிர்த்தது, அப்புறம் இலையை உதிர்த்தது. வெறும் கட்டை நின்றது. அதன்மேல் பச்சோந்தி உட்கார்ந்திருந்தது, கட்டையின் நிறத்தில்.

செல்லக்கிளி மரத்தடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தது. "அண்ணே, இது பச்சையா, சிவப்பா?"

பச்சோந்தி ஒரு கண்ணால் அதையும் மறு கண்ணால் வானத்தையும் பார்த்தது. "ரெண்டும் இல்லம்மா. எனக்கு எது கெடைக்குதோ அதுதான நெறம்? காஞ்ச கட்டையைக் குடுத்துட்டு பச்சையாவுன்னா எப்படி ஆவேன்? தண்ணி குடிச்சே நாளாச்சு எனக்கு."

செல்லக்கிளி ஆமையாரிடம் ஓடியது. "ஐயா, காஞ்ச நெறத்துக்கு என்ன அர்த்தம்?"

"அதுக்கு விதி இல்லையே, தாயி."

"விதி இல்லன்னா பறக்கலாமா?"

"விதி இல்லன்னா எப்படிப் பறக்கிறது?" ஆமையாருக்கே அந்தக் கேள்வி அதிர்ச்சியாக இருந்தது. "மேலிடத்துல விளக்கம் கேட்டிருக்கோம்."

"மேலிடம் எங்க இருக்காவ?"

"வெயில் தாங்கலைன்னு மலைக்குப் போயிருக்காவ. மழை பெய்ஞ்சதும் வந்துருவாவ."

மழை பெய்தால் மரம் தளிர்க்கும், பச்சோந்தி பச்சையாகும், ராஜாவும் திரும்பி வருவார். அப்போது செல்லக்கிளி பறக்கலாம். மழை இல்லாததால்தான் செல்லக்கிளி பறந்துபோக வேண்டியிருந்தது என்பதை யாரும் யோசிக்கவில்லை. இல்லை, நரியார் யோசித்திருந்தார். சும்மா சொல்லக் கூடாது.

அன்று காலை ஆமையார் குட்டையில் இறங்கிப் பார்த்தார். கால் நனையவில்லை. "ஏரி வற்றிவிட்டது" என்று முறைப்படி அறிவித்தார். வெயில் ஏறி, காற்று சூடானதும் கூழைக்கடாக் கூட்டம் சுழன்று சுழன்று மேலே போனது. தெற்கே ஓர் அணை இருந்தது, அங்கே தண்ணீர் இருந்தது. செல்லக்கிளியின் அம்மா மட்டும் கருவேல மரத்தில் உட்கார்ந்திருந்தது.

"ஏட்டி, பச்சை வந்துட்டா?"

"இல்லம்மா."

"உச்சிக்கு இன்னும் நேரம் இருக்கு. வரும்."

"வரலன்னா?"

அம்மா மரத்திலிருந்து இறங்கியது. குட்டையின் சேற்றில் துழாவி, மிச்சமிருந்த ஒரு விராலைப் பிடித்துச் செல்லக்கிளியின் பையில் போட்டது. "வழியில பசிக்கும்" என்றது. பறக்கவே முடியாத குஞ்சுக்கு வழியில் பசிக்கும் என்று மீன் கொடுக்கிற அம்மாவை என்ன சொல்வது?

"நீ போம்மா. ஒன்னையும் பிடிச்சிருவாவ."

"நான் மேல நிக்கேன். நீ வா" என்று சொல்லிவிட்டு அம்மா எழும்பியது. பொட்டலுக்கு மேலே சுற்றிக்கொண்டே இருந்தது.

உச்சி நெருங்கியபோது நரியார் வந்தார். குளித்து, மயிரைப் படிய வாரியிருந்தார். வாயில் ஒரு வாழை இலைச் சுருள். அடுத்த ஊர்க் கிணற்றுத் தோட்டத்திலிருந்து நறுக்கியது, பளபளவென்று இருந்தது. ஒரு சிரட்டையில் தண்ணீரும் கொண்டுவந்திருந்தார்.

"என்னய்யா இது?" என்றார் ஆமையார். விதிப்படி அவர் செல்லக்கிளியின் முதுகில் உட்கார்ந்து கடைசிச் சரிபார்ப்பு நடத்திக்கொண்டிருந்தார்.

"மீட்புப் பணி. யாராவது விழுந்தா பக்கத்துல ஆள் வேண்டாமா?"

பொட்டலின் மேற்கு ஓரத்தில், அந்த மொட்டை முருங்கைக்கு அடியில் கொஞ்சம் நிழல் மாதிரி இருந்தது. நரியார் அங்கே இலையை விரித்தார். நுனி இடப்பக்கம் வருகிறதா என்று பார்த்தார். தப்பாக இருந்தது, திருப்பிப் போட்டார். சிரட்டைத் தண்ணீரை இலைமேல் தெளித்தார். பிறகு காலை மடக்கி உட்கார்ந்து, வெயிலையும் செல்லக்கிளியையும் மாறி மாறிப் பார்த்தார்.

தண்ணீர்த் துளிகள் இலைமேல் முத்து முத்தாக நின்றன. மேலே கட்டையில் உட்கார்ந்திருந்த பச்சோந்தியின் ஒரு கண் கீழே திரும்பியது. மற்றக் கண்ணும் திரும்பியது. இரண்டு கண்ணும் ஒரே பக்கம் பார்ப்பது அதன் ஆயுளில் அபூர்வம். மெதுமெதுவாக, ஒவ்வொரு காலாக வைத்து மரத்திலிருந்து இறங்கி, இலையின் நடுவில் வந்து நின்று, நாக்கை நீட்டித் துளிகளை நக்க ஆரம்பித்தது. நக்க நக்க அதன் உடம்பில் உயிர் வந்தது. உயிரோடு நிறமும் வந்தது.

செல்லக்கிளி பார்த்தது. "ஐயா, பச்சை."

ஆமையார் கழுத்தை நீட்டிப் பார்த்தார். "பச்சைதான்" என்றார்.

நரியார் சிரித்தார். "அது என் எலை ஓய்."

"விதியில பச்சைன்னுதான் இருக்கு. யார் எலைன்னு இல்லை."

"அது மரத்துல இருந்து எறங்கிட்டே."

"மரத்துலதான் இருக்கணும்னும் இல்லை."

நரியார் பச்சோந்தியைத் தட்டிவிடக் கையை ஓங்கினார். ஆமையார் கனைத்தார். "சிக்னலைத் தொடக் கூடாது. நீர் கொண்டுவந்த விதி." ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. தான் வெட்டிய குழியில் தானே விழுவது என்பது இதுதான். ஆனால் நரியார் அப்போதும் நிதானம் இழக்கவில்லை.

"சரி. அவ பையில என்னமோ துள்ளுது பாரும். மீனு. உயிரோட இருக்கு. பயணி. தனியாப் பறக்கிறது எப்படி ஆகும்?"

ஆமையாரின் முகம் வாடியது. "ஆமா, பயணி கூடாதே" என்றார். விராலும் அந்த நேரம் பார்த்துப் பைக்குள் இன்னொரு தரம் துள்ளியது.

செல்லக்கிளி தலையை அண்ணாந்தது. ஒரு மடக். "எரிபொருள், ஐயா" என்றது.

"எரிபொருளுக்குத் தடை இல்லை" என்றார் ஆமையார். தன் மாணவியை நினைத்து அவருக்குப் பெருமையாக இருந்தது. "இரும்மா, நான் இறங்கிக்கிறேன். நானும் பயணிதான்" என்று ஒரு காலை எடுத்து வைத்தார். அடுத்த காலை எங்கே வைப்பது என்று பார்த்தார்.

இலையில் துளிகள் குறைந்துகொண்டிருந்தன. பச்சோந்தி குடித்து முடித்தால் கட்டைக்கே போய்விடும். ஆமையார் இன்னும் இரண்டாவது காலிலேயே இருந்தார். காத்திருந்தால் போதும் என்ற கணக்கு நரியாருக்குத் தெரியும். ஆனால் செல்லக்கிளி முதுகைச் சாய்ப்பதும், ஆமையார் சறுக்கி விழப் போவதும் அவர் கண்ணில் பட்டுவிட்டது. இத்தனை காலமாக முறை தவறாதவர், இலை போட்ட பந்தியை விட்டு எழுந்தார்.

எழுந்தவர் பொட்டலின் மேற்கு ஓரத்தில் நின்றார். செல்லக்கிளி நடுப்பொட்டலில். காற்று மேற்கிலிருந்து வந்தது.

பின்னால் போகப் பொட்டல் இருந்தது. கிழக்கே திரும்பி ஓடினால் நரியிடமிருந்து தூரம். செல்லக்கிளியின் கால் தானாகவே கிழக்கே திரும்பியது. அப்போது அதற்குக் கொக்கின் கோணல் கழுத்து ஞாபகம் வந்தது. நாய் நின்னா என்ன, பேய் நின்னா என்ன. தேர்வில் வராத அந்தப் பாடம் ஒன்றுதான் அந்த நேரத்தில் நினைவில் இருந்தது. மற்ற எல்லாம் மறந்துவிட்டன.

அது மேற்கே திரும்பியது. உடம்பை ஓர் உலுக்கு உலுக்கியது. ஆமையார் உருண்டு விழுந்து மல்லாந்தார். செல்லக்கிளி காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு, நரியைப் பார்த்து ஓடியது.

சாப்பாடு தன்னை நோக்கி ஓடி வருவதை நரியார் அதுவரை பார்த்ததில்லை. அதற்கு என்ன முறை என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு கணம் வாயைத் திறந்துகொண்டு நின்றார். அந்த ஒரு கணத்தில் றெக்கைக்குக் கீழே காற்று நிறைந்தது. செல்லக்கிளியின் பாதம் அவர் தலையை மிதித்துக்கொண்டு மேலே போனது. நரியார் பாய்ந்தார். வாயில் ஒரு வால் இறகு கிடைத்தது, அவ்வளவுதான்.

முருங்கைக்கு அப்பால் வற்றிய ஏரி வெடித்துக் கிடந்தது. கூழைக்கடா கனத்த பறவை, அதிலும் நரியாரின் கெண்டை மீன்களைத் தின்று வளர்ந்த பறவை. செல்லக்கிளிக்கு மூச்சு முட்டியது. தாழ்ந்தது. பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. பழகிய கருவேல மரம் பின்னால் இருந்தது. திரும்பினால் போய் உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. பயத்தில் அதற்கு அழுகை வந்தது. ஆனால் திரும்பவில்லை. விழுந்தால் நேரே விழுவோம் என்று றெக்கையை விரித்து வைத்துக்கொண்டது.

காய்ந்த ஏரிச் சேறு காலையிலிருந்து வெயில் குடித்திருந்தது. அதன் சூடு கிளம்பி மேலே வந்துகொண்டிருந்தது. செல்லக்கிளியின் வயிற்றில் அது கை வைத்துத் தூக்குவது போல இருந்தது. றெக்கையை அடிக்காமலே அது உயர்ந்தது. கருவேல மரம் கீழே போனது, பனை கீழே போனது. அம்மா பக்கத்தில் வந்து சேர்ந்தது.

"வட்டம் போடணும்மா. ஒரு வட்டம். இல்லன்னா தேறாது" என்றது செல்லக்கிளி.

"போடுட்டி" என்றது அம்மா. இரண்டும் சேர்ந்து வட்டம் போட்டுவிட்டுத் தெற்கே போயின.

இதோடு கதை முடிந்திருந்தால் உங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் மழை பெய்தது, ராஜா மலையிலிருந்து இறங்கினார், விசாரணை நடந்தது.

ஆமையாரைத் திருப்பிப் போட்டு விசாரித்தார்கள். அவர் உள்ளதை உள்ளபடி சொன்னார். மாணவி எல்லா விதியையும் கடைப்பிடித்தாள், விபத்து எனக்கு மட்டும்தான் என்றார். இது அவருடைய இரண்டாவது வான்விபத்து. அனுபவம் இரட்டிப்பானதால் பதவி உயர்வு கொடுத்தார்கள்.

சிக்னல் பழுதான நேரத்தில் தன் சொந்தச் செலவில் பச்சை வரவழைத்த நரியாருக்கு "வான்பாதுகாப்பு மாமணி" என்ற பட்டம் கிடைத்தது. நரியார் மேடையில் நாக்கைத் துடைத்துக்கொண்டு, "என் கடமையைத்தான் செய்தேன்" என்றார். அவர் தலையில் கூழைக்கடாவின் பாதத்தடம் இன்னும் அழியவில்லை. அதையே பதக்கம் என்று பலர் நினைத்துக்கொண்டார்கள்.

செல்லக்கிளியைக் குழுவில் சேர்க்கலாமா என்ற பேச்சு எழுந்தது. அது இப்போது சட்டப்படி பறவை ஆகிவிட்டதால் சேர்க்க முடியாது என்று முடிவாயிற்று. வகுப்பு நேரத்தில் பேசிய குற்றத்துக்காகக் கொக்கைக் காட்சிப்பொருள் வேலையிலிருந்து நீக்கினார்கள். அந்தக் கல்லின்மேல் இப்போது கொக்கின் களிமண் பொம்மை நிற்கிறது. அது எதையும் முணுமுணுப்பதில்லை.

புதிதாக ஒரு விதி சேர்ந்தது. எந்தக் குஞ்சு முதல்முறை தனியாகப் பறந்தாலும், பொட்டலின் மேற்கு ஓரத்தில் ஒரு நரி வாழை இலை போட்டுத் தண்ணீர் தெளித்து உட்கார்ந்திருக்க வேண்டும். நரி வராவிட்டால் பறப்பு ரத்து. ஆகவே அந்தக் காட்டில் தாய்ப்பறவைகள் இப்போதெல்லாம் உச்சிவேளையில் நரியார் வீட்டு வாசலில் வரிசையில் நின்று, "ஐயா, எங்க பிள்ளைக்கு இன்னைக்கு எலை போடணும்" என்று கும்பிட்டுக் கேட்கின்றன. சில நாள் குஞ்சு பறந்துவிடுகிறது. சில நாள் நரியார் சாப்பிடுகிறார். இரண்டுமே விதிப்படிதான் நடக்கிறது, ஒரு குறையும் சொல்ல முடியாது.

செல்லக்கிளி தெற்கே அணைக்கட்டில் நன்றாக இருக்கிறது. இப்போதும் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் எழும்புகிறது. ஆனால் யாராவது பாதுகாப்பைப் பற்றி அக்கறையாகப் பேசினால், அவர் கையில் வாழை இலை இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறதாம்.

நீதி: விதிகளைப் பழுதில்லாமல் படித்து வையுங்கள், உங்களைத் தின்ன வருகிறவரும் முறைப்படி இலை போட்டு உட்காருகிறவராகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். முறை தெரியாத நரியிடமிருந்து சட்டப்படி தப்பிக்க வழியே இல்லை.